பூனையை உள்ளே விட்டது யார்?

காங்கேயம் பக்கம் சிவன்மலை அடிவாரத்தில் என் அம்மிச்சி வீட்டுத் தாவாரத்தில் உட்கார்ந்தால் எதிரே கொப்பரைக் களம். மே மாத வெயிலில் உடைத்துப் பரப்பிய தேங்காய் மூடிகள் கண்ணைக் கூச வைக்கும். பதினோரு மணிக்கு மேல் எண்ணெய் வாசம் எழும்பி வீட்டுக்குள் வரும். அந்த நேரத்துக்கு, மூட்டை அடுக்கிய குடோனின் வாசற்படி நிழலில் ஒரு செவலைப் பூனை வந்து படுக்கும். அதற்குப் பெயர் கிடையாது. கடுவன் என்றால் அந்த வீட்டில் எல்லாருக்கும் அதுதான். காலையில் அம்மிச்சி ஒரு பழைய வட்டலில் மோர்ச்சோறு பிசைந்து வைப்பார், அது கூலி. ராத்திரியில் குடோனுக்குள் எலி நடமாடக் கூடாது, அது வேலை.

காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளை. மயிலை, காரி, செவலை என்று நிறம் பார்த்துப் பேர் சொல்லி, திமிலைத் தடவிப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஊர்க்காரர்களின் அன்றாடப் பிழைப்போ கொப்பரையிலும் தேங்காய் எண்ணெயிலும் அரிசி ஆலையிலும் ஓடுகிறது. மூன்றும் எலிக்குக் கொண்டாட்டம். காளைக்குக் கிடைத்த புகழில் கால்வாசி கிடைக்காவிட்டாலும், இந்த ஊரில் பூனையும் பண்ணையத்தில் ஓர் ஆள்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துதான் நான் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தேன். உலகம் எண்பது வருஷத்துக்கு மேல் பார்த்துச் சிரிக்கும் சண்டை அது. நிஜப் பூனையையும் நிஜ எலியையும் தினம் பார்க்கிற ஒரு வீடு அதை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக மனசில் கிடந்த கேள்வி. இந்தக் கோடை விடுமுறையில் மாமாவின் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். டிவியில் இணையத்தைப் பிடித்து, அந்த வரிசையின் முதல் படத்தையே போடச் சொன்னேன். ஒன்பது நிமிஷப் படம்.

பார்க்க உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். எண்பத்து நாலு வயது அம்மிச்சி. களத்தை நடத்தும் மாமா. ஒன்பது வயதுப் பேரன். கீபோர்டு வகுப்புக்குப் போகும் பதிமூன்று வயதுப் பேத்தி. தண்ணீர் குடிக்க வந்து, ‘சித்தெ உக்காருங்க’ என்று அம்மிச்சி சொன்னதால் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்த, களத்தில் தேங்காய்த் தொட்டி பிரிக்கும் அம்மா ஒருவர்.

படத்தின் பெயர் ‘புஸ் கெட்ஸ் த பூட்’. பூனையை வீட்டை விட்டுத் துரத்தினார்கள் என்று நம் பேச்சில் சொல்லிவிடலாம். 1940 பிப்ரவரி 10 அன்று எம்.ஜி.எம். வெளியிட்டது. இதில் டாமும் இல்லை, ஜெர்ரியும் இல்லை. பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. பின்னால் வந்த வழவழப்பான டாமைப் போல இல்லாமல் இந்த ஜாஸ்பர் மயிர் சிலிர்த்த, நாலு காலில் நடக்கிற, நிஜப் பூனைக்குப் பக்கத்தில் நிற்கிற பூனை.

அதனால்தானோ என்னவோ, முதல் காட்சியிலேயே அம்மிச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். பூனை எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு, ஓட விடுகிறது, இழுக்கிறது, மறுபடி ஓட விடுகிறது.

“நம்ம கடுவனாட்டவே பண்ணுது பாரு கண்ணு. சட்டுனு கொல்லாது. வெளையாடி வெளையாடித்தான்…”

அவர் சொன்னது சரி. பூனைகள் இரையைப் பிடித்து விட்டுப் பிடிப்பது கடி வாங்காமல் அதைக் களைக்க வைக்கும் உபாயம் என்று விலங்குகளைக் கவனிப்பவர்கள் விளக்குவார்கள். படம் வரைந்தவர்களும் முதலில் பூனையைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து ஜாஸ்பர் மையைத் தொட்டுச் சுவரில் ஒரு பொய் வளையை வரைகிறது. எலி நம்பி ஓடிச் சுவரில் முட்டிச் சரிகிறது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மிச்சி சிரிக்கவில்லை. “பாவம், ஊடுன்னு நெனச்சு ஓடுச்சு” என்றார்.

துரத்தும் வேகத்தில் பூனை ஒரு பூந்தொட்டியைத் தள்ளி உடைத்துவிடுகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் வருகிறாள். பெரும்பாலும் கால்தான் தெரிகிறது. செருப்பு, காலுறை, பாவாடை ஓரம், ஒரு துடைப்பம். இன்னொரு பொருள் உடைந்தால் நீ வெளியே என்று பூனைக்கு எச்சரிக்கை விழுகிறது. எலி அதைக் கேட்டுவிடுகிறது. படம் அங்கேதான் பிறக்கிறது.

அடுத்த தடவை பூனை பாய வரும்போது எலி ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்புக்குத் தள்ளி நிறுத்திப் பிடித்துக்கொள்கிறது. பாய்ந்த பூனை அப்படியே நிற்கிறது. மாமா தொடையைத் தட்டினார். “புடிச்சுட்டான் பாரு சூட்சுமத்த!” அதற்கப்புறம் பூனைக்கு எலியைத் துரத்துவது வேலையில்லை, எலி தள்ளும் சாமான்களைத் தாங்குவதே வேலை. தரை முழுக்க மெத்தையைப் பரப்பிப் பார்க்கிறது. எலி அலமாரியில் ஏறிப் பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது. பூனை இரண்டு கையிலும் அடுக்கி, அடுக்கு கூரையைத் தொடுகிற உயரத்துக்கு வந்துவிடுகிறது. அம்மிச்சி கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டார். “ஐயோ, வட்டலு, வட்டலு!” கை இரண்டும் முன்னால் நீண்டுவிட்டன, தானே போய்ப் பிடிக்கப் போகிறவர் போல. வாழ்நாள் முழுக்க வட்டல் கழுவி அடுக்கிய கை அது.

எலி ஓர் உதை கொடுக்கிறது. எல்லாம் விழுகிறது. பூனை வெளியே இழுத்துச் செல்லப்படுகிறது. எலி தன் வளை வாசலில் ‘வீடே சொர்க்கம்’ என்கிற மாதிரி ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லி வைத்த ஊரில் அந்தப் பலகைக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஒன்பது நிமிஷம் முடிந்தது. ஐந்து பேரும் ஐந்து படம் பார்த்திருந்தார்கள்.

பூனைக் கட்சி, எலிக் கட்சி

பேரன் எலிக் கட்சி. காரணம் கேட்டால், “அது குட்டியா இருக்குதுங்ல்ல” என்றான். அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டியதில்லை. வீட்டில் எல்லாரையும் விட உயரம் குறைந்த ஆள், எல்லாருடைய அதட்டலுக்கும் ஆளாகிறவன், அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற முடிந்தால் என்ன செய்வானோ அதையெல்லாம் அந்த எலி செய்கிறது.

மாமா பூனைக் கட்சி, அதுவும் கோபத்தோடு. “வேலைக்கு வெச்ச ஆள வேல செய்ய உடாம பண்ணி, அவனுக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்து வெளியேத்தறது நாயமா? அந்த எலிய நம்ம குடோன்ல ரெண்டு நாள் உடச் சொல்லு பாக்கலாம்.” எலி ஒரு மூட்டையில் தின்பது ஒரு பிடிதான், ஓட்டை போட்டுச் சிந்துவதும் மேலே கழிப்பதும்தான் மூட்டையையே கெடுக்கும் என்பது மாமாவின் வாழ்நாள் கணக்கு.

சிறு வயதில் எனக்கும் ஜெர்ரிதான். எப்போது கட்சி மாறினேன் என்று யோசித்துப் பார்த்தால், வேலைக்குப் போன வருஷத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மேலே ஒருத்தர் உடைந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க, இரண்டு கையிலும் தட்டைத் தாங்கி நிற்கிற நிலைமை எனக்கு அப்போதுதான் பழகியது. ஜாஸ்பருக்கு இருப்பது எலி மேல் பகையே இல்லை, வீட்டில் இருக்க முடியுமா என்கிற பயம். பயத்தில் இருப்பவன் செய்கிற ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகவே திரும்பும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு. சிரிப்பு அந்தத் துல்லியத்தில் இருந்து வருகிறது.

பேத்திக்கு இரண்டு கட்சியும் இல்லை. அவளுடைய ஆள் சத்தம். சோதித்துப் பார்க்கச் சத்தத்தை முழுக்கக் குறைத்து, தட்டு அடுக்கும் காட்சியைத் திரும்பப் போட்டோம். பேரனே, “என்னமோ நோயாளியாட்ட இருக்குதுங்” என்று சலித்துக்கொண்டான். இந்த வரிசைக்கு இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. ஒவ்வொரு அடி, ஒவ்வொரு வழுக்கல், கண் இமைக்கும் நேரம்கூட வாத்தியத்தில் எழுதப்பட்டு, எம்.ஜி.எம். இசைக்குழு உட்கார்ந்து வாசித்தது. பேத்திக்காக அடுத்துப் போட்டது 1947-இல் வந்த ‘தி கேட் கான்செர்ட்டோ’. கறுப்புக் கோட்டு போட்ட டாம் மேடையில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியைப் பியானோவில் வாசிக்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்து கட்டைகளோடு சண்டைக்கு வருகிறது. டாமின் விரல்கள் போகிற கட்டைகளை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இது ஆஸ்கர் வாங்கிய படம். மொத்தம் ஏழு ஆஸ்கர் இந்தப் பூனைக்கும் எலிக்கும். டிஸ்னியின் ‘சில்லி சிம்பனீஸ்’ வரிசைக்குச் சமம்.

கேபிள் வயர் எங்கள் தெருவுக்கு வந்த காலம் இப்போது ஞாபகம் வருகிறது. 1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர மேலும் சில வருஷம். பகலில் கார்ட்டூன், இரவானால் அதே சானல் டி.என்.டி. என்று மாறிப் பழைய ஹாலிவுட் படங்கள் ஓடும். அந்தச் சானலில் மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஸ்கூபி நாய் என்ன சொன்னது என்று தெரியாமலே சிரித்து வைப்போம். இந்த இரண்டு பேர் மட்டும் பேசவில்லை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளையும் பஞ்சாயத்துப் பள்ளிப் பிள்ளையும் ஒரே நொடியில் சிரிக்கிற நிகழ்ச்சி அது ஒன்றுதான். 2006-க்குப் பிறகு அரசு இலவசக் கலர் டிவி களத்து வேலைக்காரர்கள் வீட்டுக்கும் வந்தபோது, அங்கேயும் முதலில் போய் உட்கார்ந்தது இந்தப் பூனைதான். பிற்பாடு இந்தியக் குரல்களைக் கொடுத்து இரண்டையும் பேச வைத்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிராட்லி இருபது வாத்தியத்தில் சொன்னதை மேலே ஏறி ஒருத்தர் வாயால் சொல்லும்போது வாத்தியம் செத்துப்போகிறது. பேச்சே இல்லாததால்தான் அது நம் பாஷையாக இருந்தது.

ரத்தம் எங்கீங்?

இந்தப் படங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் முன்னால் வருவது அடிதடிதான். குழந்தைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். 2016-இல் எகிப்து அரசின் தகவல் துறைத் தலைவர், அரபு நாடுகளில் வன்முறை பரவியதற்கு டாம் அண்ட் ஜெர்ரியும் ஒரு காரணம் என்று பேசி, உலகச் செய்தி ஆனார்.

மாமா பொங்கல் தவறாமல் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசு சேவற்கட்டுக்குப் போய் வருகிறவர். நீதிமன்றப் படியேறி அனுமதி வாங்கி நடக்கிற கட்டு அது. இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன். “இதுல ரத்தம் எங்கீங்?” என்று திருப்பிக் கேட்டார். “சாவக்கட்டுல ஒரு சாவல் தோத்தா அது கோச்சை. பொறவு அது கொழம்புக்குத்தான். இந்தப் பூன சப்பட்டையாப் போயி அடுத்த நிமிசம் எந்திரிச்சு ஓடுது. பையனுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா?”

பையனுக்குத் தெரியும். கட்டுத்தாரையில் கன்று செத்த அன்றைக்குச் சோறு தின்னாமல் படுத்திருந்தவன் அவன். கடுவன் ஒரு நாள் நிஜ எலியைக் கவ்விக்கொண்டு வந்து தாவாரத்தில் போட்டபோது பொடக்காலிக்கு ஓடியவன். மாடும் ஆடும் கோழியும் சாவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, இஸ்திரிப் பெட்டி விழுந்து முகம் தட்டையாகிற பூனை எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலங்கே பார்க்காமல் வளர்கிற பிள்ளைகளின் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்றுதான் சொல்வேன். டாம் அலறும் அந்த அலறல்கூட, படைத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஹன்னா தானே மைக் முன்னால் நின்று கத்திய கத்தல் என்று பேரனிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் வரைக்கும் வீட்டில் அந்தக் கத்தல்தான்.

பார்க்கிறவர்கள் இப்படிப் பேசிக்கொள்கிறோம்; ஒரு ரசிகர் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறவர்களுக்காக இந்தப் படங்களின் கதையில் இரண்டு சம்பவம் இருக்கிறது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் ஒரு பூனை, ஒரு எலி என்ற யோசனையோடு போனபோது, இது பழைய சரக்காயிற்றே என்று கூட வேலை பார்த்தவர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் படம் வெளியானபோது திரையில் இருந்தது மேலாளர் ருடால்ஃப் ஐசிங்கின் பெயர் மட்டும். படைத்த இருவர் பெயரும் இல்லை. படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. விருது அதே ஐசிங்கின் ‘தி மில்கி வே’ படத்துக்குப் போனது. கார்ட்டூன் பிரிவின் தலைவர் ஃப்ரெட் குவிம்பி, பூனை-எலி போதும், வேறு ஏதாவது பண்ணுங்கள் என்றுவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. டெக்சாஸ் மாநிலத்தில் திரையரங்குத் தொழிலில் இருந்த பெஸ்ஸா ஷார்ட் என்ற பெண்மணி, அந்த அருமையான பூனை-எலி படங்கள் இன்னும் வருமா என்று கேட்டு ஸ்டூடியோவுக்கு ஒரு கடிதம் போட்டார். தலைவர் மனசு மாறினார். பூனைக்கும் எலிக்கும் புதுப்பெயர் வைக்க உள்ளுக்குள் ஒரு போட்டி. ஜான் கார் என்ற ஓவியர் டாம், ஜெர்ரி என்று எழுதிக் கொடுத்து 50 டாலர் வாங்கினார். 1941 ஜூலையில் ‘தி மிட்நைட் ஸ்நாக்’ வந்தது. ஹன்னாவும் பார்பராவும் எம்.ஜி.எம்.மில் மட்டும் இந்த வரிசையில் 114 படங்கள் செய்தார்கள்.

இன்னொன்று 2006-இல், பிரிட்டனில். பூமராங் சானலில் வந்த இரண்டு படங்களில் புகை பிடிக்கும் காட்சி இருப்பதாக ஒரே ஒரு நேயர் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் எழுதினார். ‘டெக்சாஸ் டாம்’ படத்தில் ஒரு பெண் பூனையைக் கவர டாம் சிகரெட் சுருட்டும்; ‘டென்னிஸ் சம்ப்ஸ்’ படத்தில் எதிராளிப் பூனை சுருட்டோடு விளையாடும். ஒரு புகாருக்காக 1,500-க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களை உட்கார்ந்து பார்த்து, புகைபிடிப்பதைக் கெத்தாகக் காட்டும் இடங்களை நீக்கச் சானலின் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

முகம்

இவ்வளவு நேரம் நிலைப்படியில் இருந்த அம்மா வாயே திறக்கவில்லை. நாங்கள் பூனையா எலியா என்று அடித்துக்கொண்டிருந்ததை ஒரு சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங், அந்தம்மா மொகத்தக் கடைசி வரைக்கும் காட்டவே இல்லீங்களே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எத்தனையோ தடவை இந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால்களை வீட்டுக்காரியின் கால்கள் என்றே சின்ன வயதில் நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தோம். அதட்டுகிறாள், பூனையை வெளியே தள்ளுகிறாள், ஆகவே முதலாளி. பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. அவள் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணாக, கறுப்பினப் பெண்ணாக வரையப்பட்டவள். வெள்ளைக்காரர்களின் படங்களில் அப்போது வழக்கமாக இருந்த ‘மேமி’ என்ற வார்ப்பு. குண்டு உடம்பு, துடைப்பம், கொச்சைப் பேச்சு. பூனையை வெளியே போகச் சொல்லும்போது ‘அவுட்’ என்ற சின்ன இங்கிலீஷ் வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்கிறாள், தப்பாகக் கூட்டுகிறாள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் தப்பாகக் கூட்ட வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லிலியன் ராண்டால்ஃப். நல்ல நடிகை, பாடகி. கார்ட்டூனில் அவர் பெயரும் போடப்படவில்லை. படம் வெளியான அதே 1940 பிப்ரவரி மாதம், 29-ஆம் தேதி இரவில், ‘கான் வித் த விண்ட்’ படத்தில் வேலைக்காரப் பெண்ணாக நடித்ததற்காக ஹேட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலில் மற்ற நடிகர்களோடு உட்கார இடமில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டிருந்தார்கள். விருதை வாங்கிக்கொண்டு அந்த மேசைக்குத்தான் திரும்பிப் போனார்.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் இந்தப் பாத்திரத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தன. 1952-க்குப் பிறகு அவள் வரவில்லை. 1960-களில் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனபோது, சில படங்களில் அவளை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணாக வரைந்தார்கள். சிலவற்றில் குரலை மாற்றினார்கள். 1990-களில் மறுபடி தியா விடேல் என்ற கறுப்பின நடிகையைக் கொண்டு, அந்தக் கொச்சையில்லாமல் குரல் கொடுத்தார்கள். இப்போது வருகிற தொகுப்புகளில், இவை அந்தக் காலத்து இனப்பாகுபாட்டின் விளைவு, அன்றும் தப்பு இன்றும் தப்பு என்று முன்னால் ஓர் அறிவிப்பு வைக்கிறார்கள். அழிப்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம். அழித்துவிட்டால் அவள் இருந்ததும் தெரியாது, என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது.

இதையெல்லாம் நிலைப்படியில் நின்ற அம்மாவிடம் எப்படிச் சொல்வது? முடிந்த அளவு சொன்னேன். அவங்க வீட்டுக்காரம்மா இல்லீங்க, வேலை செய்யறவங்க. வேலைக்காரங்க மொகம் வேண்டியதில்லைன்னு வரைஞ்சவங்க நெனச்சுட்டாங்க. எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னு கேலி வேற என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். அது அணைந்திருந்தது. “எழுத்துக் கூட்டத் தெரியாட்டி என்னுங்? ஊடு பூரா அந்தம்மாதான கூட்டியிருக்குது” என்றார். “ஒடஞ்ச வட்டலுக்கெல்லாம் பொறவு அந்தம்மாவத்தான கேட்டிருப்பாங்க?”

எண்பது வருஷத்தில் இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டதில் நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. எல்லாரும் பூனையின் வேலை போனதைப் பார்த்தோம். அந்த வீட்டில் இன்னொருத்தருடைய வேலையும் அந்தத் தட்டு அடுக்கின் மேலேதான் நின்றது. பூனையை அவள் அதட்டியது திமிரில் இருக்காது, மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற பயத்திலாகவும் இருக்கலாம். எலிக்குப் பூனை, பூனைக்கு அந்தப் பெண், அந்தப் பெண்ணுக்கு மேலே திரையில் வராத யாரோ. வருஷக்கணக்காகத் தொட்டி பிரித்த கைகளோடு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஒருவருக்கு அந்த நான்காவது ஆள் முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டார்.

அவர் களத்துக்குத் திரும்பிப் போனார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மூடிகளைக் கிளறிப் புரட்டும் சத்தம் கேட்டது. மாமா எதுவும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வெளியே போனார்.

அம்மிச்சி மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. அவருக்கு வேறு ஒரு கவலை இருந்திருக்கிறது.

“ஏங்கண்ணு, வெளிய தள்ளுன பூன பொறவு எங்க போச்சு?”

“திரும்பி வந்துருச்சுங் அம்மிச்சி. அடுத்த படத்துல அதே மாதிரி ஊட்டுலதான் இருக்குது. பேருதான் மாத்திட்டாங்க, டாம்னு.”

“ஆரு உள்ள உட்டது?”

“டெக்சாஸ்னு ஒரு ஊருங். அங்கிருந்து ஒரு அம்மா கடுதாசி போட்டாங்க. அந்தப் பூன எங்கே, இன்னும் வருமான்னு கேட்டு.”

“கடுதாசி போட்டாளா?” அம்மிச்சி முகம் மலர்ந்துவிட்டது. “மகராசி. நல்லாருக்கோணும்.”

பிறகு கட்டில் காலைப் பிடித்து மெதுவாக எழுந்து, வட்டலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், குடோன் பக்கம் பார்த்துக் கடுவனைக் கூப்பிட்டார்.